குசினி என்றொரு குகை

அந்தச் சத்தத்தை அம்மாதான் முதலில் அடையாளம் கண்டார். படகுக்காரர் எஞ்சினை நிறுத்தியிருந்தார். குகைக்குள் நாங்கள் எட்டுப் பேரும் பேச்சை விட்டிருந்தோம். ஒரு சின்ன அலை படகுக்குக் கீழாகப் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு மூலைக்குப் போய், 'தொம்' என்று விழுந்தது. கொஞ்சம் பொறுத்துத் தண்ணீர் வடிகிற சத்தம் கேட்டது. பிறகு மறுபடி 'தொம்'.

"கிணத்துக்குள்ள பட்டை விழுற சத்தம் பிள்ளை," என்றார் அம்மா.

அம்மாவுக்கு 76 வயது. யாழ்ப்பாணத்தில், கீரிமலைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்க் கிணறுகளில் துலா மிதித்துப் பனையோலைப் பட்டையால் தண்ணீர் இறைத்ததைச் சின்ன வயதில் பார்த்தவர். பிறகு எங்கள் வீட்டுக் கிணற்றில் கப்பி போட்டு வாளியால் அள்ளியவர். 1990இல் போரால் அந்த ஊரை விட்டு எல்லோரும் ஓடியதோடு அதுவும் முடிந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு, போர்த்துக்கலின் ஒரு கடற்குகைக்குள் அந்தச் சத்தம் அவருக்குத் திரும்பக் கேட்டிருக்கிறது. படகில் போன ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கிணற்றை விட்டுவிட்டு இதைச் சொல்ல என்னால் முடியாது.

முதலில் இடம். போர்த்துக்கலின் தென்கரையை அல்கார்வே என்கிறார்கள். மேற்கு என்று பொருள்படும் அரபுச் சொல்லில் இருந்து வந்த பெயர். அந்தக் கரையின் மேற்குப் பக்கத்தில் லாகோஸ் இருக்கிறது. நைஜீரியாவில் இருக்கும் பெருநகரம் வேறு. இது மீன்பிடியாலும் மத்தி மீன் தகரத்தில் அடைக்கும் ஆலைகளாலும் ஒரு காலத்தில் வாழ்ந்த சின்னப் பட்டினம். ஊருக்குத் தெற்கே நிலம் ஒரு மூக்குப் போலக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. பொன்டா டா பியடாடே என்று பெயர். இரக்கத்தின் முனை என்று தமிழில் சொல்லலாம். தேன் நிறமும் காவி நிறமுமான சுண்ணாம்புக்கற் பாறைகள் அங்கே இருபது மீற்றர் உயரத்துக்கு நேர்குத்தாக எழுந்து நிற்கின்றன. அவற்றின் அடியில் குகைகள், வளைவுகள், கரையில் இருந்து பிரிந்துபோய்த் தனியே நிற்கும் கல்தூண்கள். உச்சியில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு ஒன்று. மேலே நின்றும் பார்க்கலாம், ஏறத்தாழ 200 படி இறங்கிக் கீழேயும் போகலாம். ஆனால் அந்தப் பாறையின் உள்ளே பார்க்க வேண்டுமென்றால் சின்னப் படகு வேண்டும். பெரிய உல்லாசப் படகுகள் தூரத்தில் நின்று படம் எடுக்கத்தான் உதவும்.

லண்டனில் ஒக்டோபர் பள்ளி விடுமுறை. மகனுக்குப் பத்து வயது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேராகப் போனோம். போய் இறங்கிய இரண்டு நாளும் படகு ஓடவில்லை. வானத்தில் ஒரு முகிலும் இல்லை, வெயில் எறிக்கிறது, கடலும் கரையில் இருந்து பார்க்க அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆற்று வாயில் இருந்த படகுக்காரர்கள் எல்லோரும் கையை விரித்தார்கள். தென்கிழக்கில் இருந்து காற்று எழுந்தால் அந்தக் கரைக்குப் பொல்லாத காலமாம். வடக்குக் காற்று எவ்வளவு அடித்தாலும் நிலம் மறைத்துக்கொள்ளும். தென்கிழக்குக் காற்று நேராகக் குகை வாய்க்குள் அலையைத் தள்ளும். வெளியே முழங்கால் உயரம் இருக்கும் அலை, ஒடுங்கிய குகைக்குள் போனதும் ஆள் உயரத்துக்கு எழும்பிப் படகைக் கூரையில் மோதிவிடும். காசு வாங்கிக்கொண்டு கடலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம்தான். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்த இரண்டு நாள் மறுப்பால்தான் மூன்றாம் நாள் அம்மாவைப் படகில் ஏற்ற எனக்குத் துணிவு வந்தது.

காத்திருந்த நாட்களில் ஊரைச் சுற்றினோம். ஆபிரிக்கக் கரையோரமாக முதல் கப்பல்களை அனுப்பிய இளவரசர் என்றிக்கேயின் சிலை ஒரு சதுக்கத்தில் இருக்கிறது. அதே சதுக்கத்தின் மூலையில் வளைவு வைத்த ஒரு கட்டடம். அடிமைச் சந்தை என்று சொல்லப்படும் இடம், இப்போது அருங்காட்சியகம். 1444 ஓகஸ்ட் மாதம் ஆபிரிக்காவில் இருந்து பிடித்து வந்த 235 பேரை இந்த ஊரில்தான் இறக்கிப் பங்கு போட்டார்கள். தாயும் பிள்ளையும் வேறு வேறு பங்குக்குப் பிரிக்கப்பட்டு அழுததை அந்தக் காலத்து அரச வரலாற்றாசிரியரே எழுதி வைத்திருக்கிறார். 2009இல் ஊர்மதிலுக்கு வெளியே வாகனத் தரிப்பிடம் கட்டத் தோண்டியபோது, குப்பை கொட்டும் பள்ளத்தில் 150க்கும் மேற்பட்ட ஆபிரிக்க அடிமைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அம்மா அந்த அருங்காட்சியகத்தில் நீண்ட நேரம் நின்றார். வெளியே வந்த பிறகும் பேசவில்லை. மகன் ஐஸ்கிரீம் கேட்டான், வாங்கிக் கொடுத்தேன். கடலைப் பார்த்தபடி மூவரும் இருந்தோம்.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்குப் படகு. ஆளுக்கு 25 யூரோ. பைபர் படகு, வெளியே பூட்டிய எஞ்சின், பக்கவாட்டில் இரண்டு வாங்கு. எங்களோடு இன்னும் ஐந்து பேர். உயிர்காப்பு அங்கியை அம்மாவுக்குப் படகுக்காரரே பூட்டிவிட்டு, பின்பக்கத்தில் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். சின்னப் படகில் பின்பக்கம்தான் குறைவாகத் தூக்கி அடிக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படகுக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. தகப்பன் மீனவர், தானும் இருபது வயது வரை வலை இழுத்தவர் என்றார்.

பென்சாப்ரிம் ஆறு கடலில் சேரும் வாய்க்கால் வழியாகப் போனோம். வலது பக்கத்தில் பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று சதுரமாக, அடக்கமாக நின்றது. அதைத் தாண்டி வலப்பக்கம் திரும்பியதும் பாறைகள் தொடங்கிவிட்டன. அந்தப் பக்கக் கரை கிழக்கைப் பார்த்திருப்பதால் காலை வெயில் முழுவதும் பாறையில்தான் விழுகிறது. பின்னேரம் போனால் அதே பாறை நிழலில் சாம்பலாகத் தெரியும் என்று படகுக்காரர் சொன்னார். போகிறவர்கள் காலையில் போங்கள். கடற்பெருக்குக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் யாழ்ப்பாணக் கடலில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வராது. அங்கே பறுவம் அமாவாசை நாட்களில் மூன்று மீற்றரைத் தாண்டும். நிறைந்த பெருக்கில் தாழ்ந்த குகை வாய்கள் மூடிவிடும். அடி வற்றில் உள்ளே மணலும் கல்லும் படகைத் தட்டும். நாங்கள் போனது பாதி வற்றிய நேரம். குகைச் சுவரில் ஈரமாகக் கறுத்த கோடு எங்கள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று மணித்தியாலத்துக்கு முன் வந்திருந்தால் அந்தக் கோடு வரைக்கும் தண்ணீர்.

கரையில் இருந்து பிரிந்த தூண்களின் தலையில் கொக்குகள் நின்றன. வயலில் மாட்டுக்குப் பின்னால் போகுமே, அதே உண்ணிக்கொக்கு. கடல் நடுவே ஒரு கல்லின் உச்சியில் அவற்றைப் பார்க்கப் புதுமையாக இருந்தது. மகன் எண்ணத் தொடங்கி, இருபதோடு விட்டுவிட்டான்.

பாறைகளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார் படகுக்காரர். இது ஒட்டகம், இது யானை, இது முத்தமிடும் இருவர். சுற்றுலாப் படகுகளில் எங்கும் நடப்பதுதான். எனக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. கல்லைக் கல்லாகப் பார்ப்பதே போதும் என்று நினைப்பவள். பிறகு ஒரு வளைவுக்குள் படகைத் திருப்பி, அகலமான ஒரு குகைக்குள் நுழைந்து, "சாலா" என்றார். விருந்தினர் இருக்கும் அறை. அதில் இருந்து ஓர் ஒடுக்கமான வழி. எல்லோரும் குனிந்தோம். அடுத்த குகை சின்னது. கூரையில் ஒரு துளை, அதன் வழியே தடித்த கயிறு போல வெயில் இறங்கி, பச்சைத் தண்ணீருக்குள் போய் அடிமணலைத் தொட்டது. புகைக்கூடு வைத்த அறை மாதிரியே இருந்தது. படகுக்காரர் கையைச் சுற்றிக் காட்டி, "குஸிஞ்ஞா" என்றார்.

அம்மா நிமிர்ந்தார். "பிள்ளை, இவர் இப்ப என்ன சொன்னவர்? குசினி எண்டோ?"

"ஓம் அம்மா. சமையலறை எண்டு சொல்லுறார்."

"அது எங்கட சொல்லெல்லே?"

எங்கள் சொல் என்றுதான் நானும் ஒரு காலம் நினைத்திருந்தேன். படகுக்காரரிடம் விடயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அம்மா கூரைத் துளைக்குப் பக்கத்தில், பாறைச் சுவரில் இருந்த திறப்பைக் காட்டி, "யன்னல்" என்றார். "ஜனெலா!" என்றார் அவர். அம்மா தன் காலைக் காட்டி "சப்பாத்து" என்றார். "சப்பாத்து!" என்று அவர் அப்படியே திருப்பிச் சொன்னார், அது அவருடைய மொழியிலும் ஏறக்குறைய அதேதான். இருந்த பலகையைத் தட்டி "வாங்கு" என்றதற்கு "பாங்கு". பிறகு கதிரைக்குக் கடெய்ரா, மேசைக்கு மேசா, துவாய்க்குத் துவாள்யா, லேஞ்சிக்கு லென்சு, பாணுக்குப் பாவ். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் விரலை மடக்கிக்கொண்டே போனார். மற்ற ஐந்து பேரும் என்ன நடக்கிறது என்று தெரியாமலே சிரித்தார்கள். குகை அந்தச் சொற்களை எல்லாம் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தது.

அந்தச் சொற்களை எங்களிடம் கொண்டுவந்தவர்களின் கதை அம்மாவுக்கும் தெரியும். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். கடைசி அரசன் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள். 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கீரிமலைச் சிவன் கோயிலும் தப்பவில்லை. 1658இல் ஒல்லாந்தர் வந்து கோட்டையைப் பிடிக்கும் வரை, 39 வருடம். அம்மா கீரிமலைக் கோயிலுக்கு விரதம் இருந்து நடந்து போய் வளர்ந்தவர். அதனால் குகைக்கு வெளியே வந்ததும் மெல்லக் கேட்டேன், மனதில் ஏதும் இருக்கிறதா என்று. "இந்தத் தம்பி என்ன செய்தவர் பாவம்," என்றார். பிறகு, "நேற்றுப் பார்த்த அந்தத் தாய் பிள்ளையளை நினைச்சன்," என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

சொல்லை விட எனக்கு இப்போது பெரிதாகப் படுவது கல்.

அடுத்த குகையில் படகு சுவரோடு ஒட்டி நின்றது. அம்மா கையை நீட்டிப் பாறையைத் தொட்டார். நகத்தால் சுரண்டினார். மணல் மணலாக உதிர்ந்தது. அதற்குள் சிப்பி ஓடு ஒன்று விசிறி விரித்தாற் போல முழுதாகப் பதிந்திருந்தது. "இது எங்கட கிணத்துக் கல்லு," என்றார். சொல் விடயத்தில் உறுதியாக இருந்ததை விட இதில் உறுதியாக இருந்தார்.

அப்பா 1978இல் கிணறு வெட்டியபோது நான் பிறக்கவில்லை. கதை மட்டும் தெரியும். எங்கள் பக்கத்தில் செம்மண் ஓரிரு அடிதான். அதற்குக் கீழே கல். ஆட்கள் அலவாங்கு போட்டுப் பார்த்து, பிறகு வெடி வைத்துத்தான் உடைத்தார்கள். உடைத்து எடுத்த கல்லைக் கொண்டு அப்பா வளவுக்கு மதில் கட்டினார். அந்த மதிலில் சிப்பி பதிந்த கற்களைத் தெரிந்தெடுத்து வாசல் பக்கமாக வைத்தார். கடல் அரை மைலுக்கு அப்பால் இருக்க, கிணற்றுக்குள் இருந்து சிப்பி எப்படி வந்தது என்று அம்மா கேட்டதற்கு, "இதெல்லாம் ஒருகாலம் கடல்," என்றாராம். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர், புவியியல் படிப்பித்தவர்.

அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து தேடினேன். அப்பா சொன்னதும் சரி, அம்மா சொன்னதும் சரி. லாகோஸ் பாறையும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாறையும் ஒரே யுகத்தில் உருவானவை. மயோசீன் என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் வருடங்களுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் வருடங்களுக்கு முன் முடிந்த காலம். இரண்டு இடத்திலும் ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடல் இருந்திருக்கிறது. சிப்பியும் கடல்முள்ளியும் பாசி உயிர்களும் செத்துச் செத்து அடியில் படிந்து, இறுகி, கல்லாகி, பிறகு நிலம் எழும்பி வெளியே வந்திருக்கிறது. ஒரே கல் என்று சொன்னால் புவியியலாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், இரண்டும் வேறு வேறு கடலில் படிந்தவை. ஒரே காலத்துப் பிள்ளைகள் என்று சொல்லலாம்.

பிள்ளைகளின் குணமும் ஒன்று. சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கரையும். மழைத்துளி வானத்தில் இருந்து வரும்போதே கொஞ்சம் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு வருகிறது. மண்ணுக்குள் இறங்கும்போது இன்னும் எடுத்துக்கொள்கிறது. அந்த மெல்லிய புளிப்பு போதும். வெடிப்பு வெடிப்பாகக் கல்லைத் தின்று, ஆயிரக்கணக்கான வருடங்களில் குழாய்களையும் பொந்துகளையும் உண்டாக்கிவிடும். கடற்குகை என்றால் கடல் தன் பலத்தால் குடைந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாதிதான் உண்மை. லாகோஸ் குகைகள் பலவற்றை முதலில் தொடங்கியது மேலே இருந்து இறங்கிய மழை. பாறையின் மேற்பரப்பில் ஆங்காங்கே செம்மணல் நிரம்பிய கிணறுகள் மாதிரி இருப்பதைப் படகில் இருந்தே பார்க்கலாம்: தேன் நிறப் பாறைக்கு நடுவே நேர்குத்தாக ஒரு சிவப்புப் பட்டை இறங்கும். மழை கரைத்த குழி, பின்னால் மணல் விழுந்து நிரம்பியது. கடல் வந்து பாறையைப் பக்கவாட்டில் வெட்டி அதைத் திறந்து காட்டுகிறது, அவ்வளவுதான்.

கடலின் வேலையும் சாதாரணமானது இல்லை. அலை ஒரு வெடிப்புக்குள் புகும்போது உள்ளே இருக்கும் காற்றை அழுத்துகிறது. அலை பின்வாங்கும்போது அழுத்தம் விட்டுக் காற்று விரிகிறது. அந்த 'தொம்' சத்தம் அதுதான். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை! அதோடு மணலையும் கூழாங்கல்லையும் அள்ளி அடித்து அரத்தால் அராவுவது போல அராவுகிறது. குகை உட்பக்கமாக வளர்ந்து, நிலமுனையின் மறுபக்கத்தில் துளைத்து வெளியே வந்தால் வளைவு. வளைவின் நெற்றி ஒருநாள் விழுந்துவிட்டால் தூண். தூணும் பிறகு விழும். தான் சிறுவனாக இருந்தபோது தகப்பனோடு படகில் கீழாகப் போன ஒரு வளைவு இப்போது இரண்டு துண்டாக நிற்பதைப் படகுக்காரர் காட்டினார். நடுவே வெறும் வானம். மகன் அந்த வெறும் இடத்தைத்தான் அதிகமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறான்.

அழகு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாத இடம் அது. 2009 ஓகஸ்டில், லாகோஸில் இருந்து கிழக்கே அல்புபெய்ரா பக்கத்தில் மரியா லுயிசா கடற்கரையில், நிழலுக்காகப் பாறை அடியில் இருந்தவர்கள் மீது அது சரிந்து ஐந்து பேர் இறந்துபோனார்கள். இப்போது ஒவ்வொரு கடற்கரையிலும் கல் விழும் படத்தோடு எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அப்படி இருந்தும் பாறையின் அடியில் துவாய் விரித்துப் படுத்திருப்பவர்களைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. தயவுசெய்து அந்த நிழலில் இருக்காதீர்கள். குடை வாடகைக்குக் கிடைக்கிறது.

இங்கேதான் எனக்கு எங்கள் ஊர் ஒழுங்காக விளங்கத் தொடங்கியது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. பெய்கிற மழை எல்லாம் கல்லுக்குள் இறங்கிவிடும். கல்லில் இருக்கும் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் நல்ல தண்ணீர் தேங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. எங்கள் கிணறுகள் எல்லாம் அந்த வில்லையில்தான் குடிக்கின்றன. அளவோடு அள்ளினால் இனிப்பு. எஞ்சின் போட்டு இழுத்தால் கீழே இருக்கும் உவர் மேலே வந்துவிடும். புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் நிலாவரைக் கிணறு ஆள் வெட்டிய கிணறே இல்லை. மழை குடைந்த குகையின் கூரை விழுந்து திறந்த வாய் அது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அங்கே போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்து வரும் என்று சின்ன வயதில் அம்மா கதை சொல்லுவார். கதையாக இருக்கட்டும், நிலத்துக்குக் கீழே வழி இருக்கிறது என்று எங்கள் முன்னோர் கண்டுபிடித்து வைத்த விதம் அது. கீரிமலைக் கேணிக்கு அடுத்த பக்கத்திலேயே கடல் அலை அடிக்கும். கேணிக்குள் மட்டும் குளிர்ந்த நல்ல தண்ணீர் கல்லின் வெடிப்பில் இருந்து ஊறிக்கொண்டே இருக்கும். ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்குக் கடன் செய்து அதில் குளிப்பார்கள். 

போர்த்துக்கேய மொழியில் இப்படி நிலம் வாய் திறந்த குழிக்கு அல்கார் என்று பெயர். லாகோஸில் இருந்து கிழக்கே பெனாகில் என்ற இடத்தில், உலகம் முழுவதும் படமாகச் சுற்றும் ஒரு குகை இருக்கிறதே, கூரையில் வட்டமாகத் துளை விழுந்து, உள்ளே சின்னக் கடற்கரையும் இருக்குமே, அதை அந்த ஊர்க்காரர் அல்கார் டி பெனாகில் என்றுதான் சொல்கிறார்கள். கூரையை மழையும், சுவரைக் கடலும் திறந்திருக்கின்றன. அங்கேயும் ஒரு நாள் போனோம். கூட்டம் தாங்காமல் 2024இல் புதுக் கட்டுப்பாடு கொண்டுவந்து, உள்ளே மணலில் இறங்கத் தடை செய்துவிட்டார்கள். அது நல்ல முடிவு. ஆனால் குகை வாயில் படகுகள் வரிசை கட்டி நிற்க, எஞ்சின் புகைக்குள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்கு ஒட்டவில்லை. சின்னப் படகில், ஆள் குறைந்த காலையில், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருக்கச் சொல்லும் ஒருவரோடு போனால்தான் குகை பேசும்.

திரும்பும் வழியில் படகுக்காரர் கடைசியாக ஒரு குகைக்குள் கொண்டுபோனார். பெயர் எதுவும் சொல்லவில்லை. உள்ளே இருட்டு. வெளிச்சம் வாயால் வராமல் தண்ணீருக்குக் கீழாக வந்தது. வெளியே வெயில் பட்ட வெள்ளை மணலில் தெறித்து, தண்ணீருக்குள் நுழைந்து, சிவப்பை எல்லாம் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ள, பச்சையும் நீலமுமாக எஞ்சிய ஒளி கீழே இருந்து எழும்பிக் கூரையில் அசைந்தது. அம்மாவின் முகத்திலும் கீழிருந்துதான் வெளிச்சம். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"கிணத்துக்குள்ள எட்டிப் பார்க்கிற மாதிரி இல்லை," என்றார் அம்மா கொஞ்சம் பொறுத்து. "கிணத்துக்குள்ள இருந்து பார்க்கிற மாதிரி இருக்கு."

2016இல், இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் பக்கத்துக் காணிகளில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அம்மாவும் நானும் போய்ப் பார்த்தோம். வீடு இல்லை. அத்திவாரம் கூடத் தெரியவில்லை. அப்பா கட்டிய மதிலில் ஒரு கல்லும் இல்லை. யாரோ எதற்கோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பற்றையை வெட்டிக்கொண்டு போனபோது கிணறு மட்டும் இருந்தது. வாய்க்கட்டு உடைந்திருந்தது. சுவர் அப்படியே, வெடி வைத்த தழும்போடு, கல்லாக இருந்தது. அம்மா குனிந்து பார்க்க வெளிக்கிட்டபோது நான் பயந்து இழுத்துப் பிடித்தேன். தூரத்தில் சீமெந்து ஆலைக்காகக் கல் எடுத்த பெரும் பள்ளங்கள், தண்ணீர் நிறைந்து, குளங்கள் போலக் கிடந்தன. அன்று அந்த நிலத்தைப் பார்க்க வெறுமையாக இருந்தது. உள்ளே இத்தனை அறையும் வழியும் தண்ணீருமாக அது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கரையில் இறங்கும்போது படகுக்காரர் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "ஒப்ரிகாடு, மாய்" என்றார். மாய் என்றால் தாய். அம்மாவுக்கு அதை நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

இரவு அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கும் சின்னம்மாவுக்கு வைபரில் எடுத்தார். சின்னம்மா இப்போது எங்கள் காணிக்குப் பக்கத்தில்தான் சின்னதாக வீடு கட்டி இருக்கிறார். அம்மா எல்லாவற்றையும் சொன்னார். கொக்கு நின்ற கல்லை, யன்னலை, குசினிக்குள் வள்ளம் போனதை, கூரையில் இருந்து வெயில் இறங்கியதை. சின்னம்மா அந்தப் பக்கம் "உண்மையோ, உண்மையோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகன் நித்திரையாகிவிட்டான். கதை முடிந்து, இரண்டு பேரும் போனை வைக்கப் போகும் நேரத்தில் அம்மா கேட்டார்:

"அங்க மழை தொடங்கிட்டுதோ? எங்கட கிணத்துத் தண்ணி இப்ப எப்பிடி, உவரோ?"

"இரண்டு நாளாப் பெய்யுது அக்கா," என்றார் சின்னம்மா. "நேற்று அள்ளிக் குடிச்சுப் பார்த்தனான். நல்ல தண்ணி."